சிங்கப்பூர்த் தமிழும் வீட்டு மொழியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

சிறுபான்மை மொழிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சி மொழி. நாடாளுமன்றத்தில் பேசலாம், பள்ளியில் படிக்கலாம். என் அக்கா மகள்கூட அங்கே தமிழ்ப்பாடம் படிக்கிறாள். அரசு இவ்வளவு செய்தும் தமிழ் தேய்கிறது என்கிறீர்களே, எப்படி?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை. அதனால்தான் எனக்குக் கவலையே. 2010 கணக்கெடுப்பில், அங்குள்ள இந்தியர்களில் சுமார் 37 சதவீதம் பேர் வீட்டில் அதிகம் பேசியது தமிழ். 2020-இல் அது 28 ஆகிவிட்டது. ஆங்கிலமோ 42-இலிருந்து 59-க்கு ஏறியது. இந்தியர் எல்லாரும் தமிழர் இல்லை, சரி. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

1987 முதல் அங்கே எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்று மொழி. தமிழ் ஒரு பாடம். பிள்ளை முதல் வகுப்பில் திணறக் கூடாதே என்று பெற்றோர் மூன்று வயதிலேயே வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். தமிழ் பேசாதே என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் அங்குள்ள சீனர்களிடம் வீட்டு மொழியை மாற்றச் சொல்லி அரசு நேராகவே கேட்டது. பொதுச் சீன மொழியான மாண்டரினுக்காக 1979-இல் 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கம் தொடங்கியது. ஹொக்கியன், கான்டனீஸ் போன்ற வட்டாரச் சீன மொழி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியிலிருந்து படிப்படியாக நின்றன. ஹொக்கியன் மட்டுமே தெரிந்த பாட்டியோடு பேரனால் நாலு வார்த்தை பேச முடியாத வீடுகள் உருவாயின. ஹொக்கியனுக்குத் தடை, தமிழுக்கு மரியாதை. ஆனால் சீனர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் பெற்றோரை நகர்த்தியது பிள்ளையின் படிப்பு பற்றிய பயம்தான்.

தமிழுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. வெகுகாலம் வகுப்பில் எழுத்துத் தமிழ் மட்டுமே இருந்தது. வீட்டில் 'வந்துட்டாங்க' என்று கேட்டு வளர்ந்த குழந்தையை 'வந்துவிட்டார்கள்' என்று திருத்தினார்கள். வீட்டில் பேசுவது தப்பு, பள்ளியில் படிப்பதை யாரும் பேசுவதில்லை; அப்புறம் அந்தக் குழந்தை எந்தத் தமிழில்தான் வாயைத் திறக்கும்? 2005-இல் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த பிறகுதான் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் முறையான இடம் கிடைத்தது. அந்த ஊர் தமிழுக்குச் செய்தவற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். நம் ஊர்ப் பள்ளிகளே இன்னும் இந்தத் துணிவுக்கு வரவில்லை.

அடுத்த முறை அக்கா மகளிடம் போனில் பேசும்போது 'என்ன சாப்பிட்ட, யாரோட விளையாடுன?' என்றே கேளுங்கள். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். திருத்தாதீர்கள். நீங்கள் தமிழிலேயே அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.