கேளுங்கள், நர்ஸம்மா சொல்கிறேன்

(வடசென்னை அரசு மருத்துவமனை வார்டுகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மற்ற தடுப்பூசிகளுக்குப் பத்து வருஷம் ஆகும் என்கிறார்கள். கொரோனா ஊசி மட்டும் ஒரே வருஷத்தில் வந்துவிட்டது. அவசரத்தில் நம்மை வைத்தே சோதித்துப் பார்த்துவிட்டார்களா?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அந்தப் பத்து வருஷத்தில் காசுக்கும் கையெழுத்துக்கும் காத்துக்கிடக்கும் காலமே நிறைய. கொரோனாவில் அதைத்தான் வெட்டினார்கள். சோதனையில் ஒரு கட்டம் முடியும் முன்பே அடுத்த கட்டத்துக்கு ஆள் சேர்த்தார்கள். பலிக்குமா என்று தெரியும் முன்பே, போனால் போகட்டும் என்று ஊசியைத் தயாரித்துக் குவித்தார்கள். முன்பு வந்த சார்ஸ் நோய்க் காலத்திலிருந்தே இந்த வைரஸ் குடும்பத்தை ஆராய்ந்து வந்ததால், அதன் மேலிருக்கும் முள் போன்ற புரதத்தைக் குறிவைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஊரெல்லாம் நோய் பரவியிருந்ததால், ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் என்ன வித்தியாசம் என்ற கணக்கும் சீக்கிரம் கிடைத்தது.

அதற்காக உங்கள் சந்தேகத்தைத் தள்ளிவிட மாட்டேன். கோவேக்சினுக்கு 2021 ஜனவரி 3-ம் தேதி அனுமதி கொடுத்தபோது பலன் உண்டா என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் பார்க்கும் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வந்திருக்கவில்லை. அந்த மாதம் அதைப் போட்டுக்கொண்ட என் வார்டு நர்ஸ் பிள்ளைகள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "அக்கா, இது தடுப்பூசியா, ட்ரையலா?" என்று ஒருத்தி போனில் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. சுமார் 25,800 பேரிடம் நடந்த சோதனை, 77.8 சதவீதப் பலன் என்ற விவரமெல்லாம் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது அந்த வருஷம் நவம்பரில். முடிவு நல்லபடியாக வந்துவிட்டது, சரி. அதனால் அவள் ஜனவரியில் கேட்டது தப்பாகிவிடுமா?

இன்னொன்று. லட்சத்தில் ஒருவருக்கு வரும் கோளாறு, இருபத்தைந்தாயிரம் பேர் சோதனையில் அகப்படுவது அபூர்வம். கோவிஷீல்டு வகை ஊசியால் அபூர்வமாக வரும் ரத்தம் உறையும் கோளாறு, லட்சக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்ட பிறகுதான் தெரியவந்தது. ஊசிக்குப் பின் உடம்பில் பெரிதாக ஏதாவது தெரிந்தால், போட்ட இடத்தில் போய்ச் சொல்லி எழுதவையுங்கள். எழுதாமல் நகராதீர்கள்.

கேள்வி: 2021 மே மாதம் அப்பாவுக்காக, கொரோனாவிலிருந்து தேறியவர்கள் தரும் ரத்தப் பிளாஸ்மா தேடி மூன்று நாள் அலைந்தோம். கிடைக்கவில்லை, போய்விட்டார். அப்புறம் பார்த்தால் பிளாஸ்மாவே தேவையில்லை என்றார்கள். எதை நம்புவது?
- ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: பிளாஸ்மா கிடைத்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்ற எண்ணத்தை இன்றோடு விடும்மா. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது. பிளாஸ்மா ஏற்றப்பட்டவர்களுக்கும் ஏற்றப்படாதவர்களுக்கும் சாவில் வித்தியாசம் தெரியவில்லை. 2020 அக்டோபரிலேயே அது வெளியாகிவிட்டது. சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்ததோ 2021 மே 17-ல். நடுவில் போன ஏழு மாதத்துக்கு யாரிடம் கணக்குக் கேட்பது? "ஏ பாசிட்டிவ் பிளாஸ்மா, மிக அவசரம்" என்று நாத்தனார் மகனுக்காக வாட்ஸ்அப்பில் நானே அனுப்பியிருக்கிறேன். நர்ஸாம் நர்ஸ்!

கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்கு நின்ற வரிசை ஞாபகம் இருக்கிறதா? அது சாவைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் சோதனையும் 2020 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. சோதனை எலியாக்கிவிடுவார்களோ என்று பயந்த நாம்தான், சோதனையில் தேறாத மருந்துக்காக நகையை அடகு வைத்தோம். டெக்ஸாமெத்தசோன் என்று ஒரு பழைய, மலிவு மருந்து. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை அது மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பிரிட்டனின் ரெக்கவரி சோதனை 2020 ஜூனில் காட்டியது. அதற்கு வரிசையே இல்லை.

கேள்வி: கபசுர குடிநீர் வேலை செய்ததா, இல்லையா?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: உங்கள் பேட்டை அம்பேத்கர் கல்லூரியில்தானே 2020-ல் சித்த மருத்துவ மையம் நடந்தது! லேசான கொரோனா பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். குடித்தவர், குடிக்காதவர் இரண்டு பக்கமும் வைத்து எண்ணாமல் எதனால் தேறியது என்று சொல்ல முடியாது. நானும் குடித்தேன், கசப்புக்கு வெல்லம் கடித்துக்கொண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் டம்ளரோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களோடுதான் எனக்குச் சண்டை.

கேள்வி: என் மகன் ஒரு தடுப்பூசிச் சோதனையில் சேரப் போகிறானாம். போக்குவரத்துச் செலவு தருவார்களாம். படிவம் பத்துப் பக்கம். எனக்குப் பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: உங்கள் ஏரியாவில் மீன் விற்கும் ஓர் அம்மாவுக்கு, மருந்துச் சோதனைப் படிவம் ஒன்றை வார்டில் படித்துக் காட்டினேன். படிக்கத் தெரியாதவர். இங்க் பேடு திறந்தே இருந்தது. 'பாதகமான நிகழ்வு ஏற்படின் பங்கேற்பாளர் தெரிவித்தல் வேண்டும்' என்ற வரி வந்ததும் கட்டைவிரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நான் யாருக்கு இன்னா பாதகம் பண்ணேன் சிஸ்டர்?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் படிவத்தை மூடிவிட்டு, "மருந்து சாப்பிட்டப்புறம் வாந்தி, மயக்கம், தடிப்பு எது வந்தாலும் எங்க கிட்ட சொல்லணும்" என்றேன். "அத்த அப்பிடியே எய்தினா இன்னா?" என்றவர், அடுத்ததாகக் கேட்டது: "எனக்கு ஒண்ணு ஆயிட்ச்சினா செலவு யார்து?" ஏழாம் பக்கத்தில் ஒளிந்திருந்த சங்கதி அது.

உங்கள் மகனும் அதையே கேட்கட்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகள். படிவத்தின் நகல் அவன் கையில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். படிக்கத் தெரியாதவர் என்றால், சோதனை நடத்துகிறவர்களைச் சேராத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஜுரம் அடித்தால் எந்த நம்பருக்குப் போன் செய்வது என்றும் கேட்டு, கொடுத்த நம்பருக்கு ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

சேரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நம் ஊர் காசநோயாளிகள் 193 பேர் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். சானடோரியத்தில் படுத்தவர்களைப் போலவே, வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் தேறினார்கள். காசநோய்க்காரரைக் குடும்பத்தை விட்டுப் பிரித்து மாதக்கணக்கில் படுக்க வைக்கும் வழக்கம் போனதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம், சிடிஆர்ஐ என்ற இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் இருக்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் இங்கே மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்வது கட்டாயம். மகன் போனிலேயே தேடிப் பார்க்கலாம். எண் தராமல் மழுப்பினால், அந்தப் பத்துப் பக்கத்தையும் மீன் சுற்ற வைத்துக்கொள்ளுங்கள்.