கீமோ முடிந்த பிறகும் எக்கோ எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பகத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பின் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து நான்கு தவணை முடிந்துவிட்டது. அடுத்து டிராஸ்டூசுமாப் என்ற புற்றுநோய் ஊசியும் கதிர்வீச்சும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு இதய நோய் கிடையாது, லேசான பிரஷர் மட்டும்தான். இத்தனை எக்கோ தேவையா?

பதில்: தேவைதான். இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய இரண்டு மருந்துகள் உங்கள் அம்மாவுக்கு அடுத்தடுத்து வருகின்றன. சிவப்பாக ஏறுமே, அந்த டாக்சோரூபிசின் உடம்பில் ஏறிய மொத்த அளவுக்கு ஏற்ப ஆபத்தும் கூடும். அதன் பாதிப்பு நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். டிராஸ்டூசுமாப் அப்படியல்ல. அதனால் இதயம் தளர்ந்தாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். எக்கோ அதற்குத்தான்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்று ஒரு சதவீதம் இருக்கும். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதன் கணக்கு அது. முன்பு 65 இருந்து இப்போது 54 என்றால், கீழே 'நார்மல்' என்றே எழுதியிருக்கலாம். ஆனாலும் டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டிய இறக்கம் அது. எனவே ஒவ்வொரு முறையும் பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள்; எடுப்பவர் மாறினாலே சில புள்ளிகள் முன்பின் ஆகும். அளவு உண்மையிலேயே குறைந்தால் இதயத்துக்கு மாத்திரை தொடங்குவார்கள், ஊசியைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கவும் செய்யலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய் சிகிச்சை பாதியில் நின்றுபோவதும் ஆபத்துதான்.

'லேசான பிரஷர் மட்டும்தான்' என்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. இந்த மருந்துகளோடு சேரும்போது உயர் ரத்த அழுத்தம் இதயத்துக்கு இன்னொரு சுமை. நம் கையில் இருப்பதும் அதுதான். வீட்டிலேயே அளந்து குறித்து வையுங்கள், பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். சர்க்கரை, கொழுப்பு அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. டாக்டர் சரி என்றால் தினமும் நடக்கலாம். படுத்தே இருந்தால் அசதி கூடத்தான் செய்யும்.

அசதி என்றதும் இன்னொன்று. படுத்தால் மூச்சு முட்டி, கூடுதலாக ஒரு தலையணை கேட்கிறார், கணுக்கால் வீங்குகிறது, சில நாட்களிலேயே எடை இரண்டு கிலோ ஏறுகிறது என்றால் அதைக் கீமோ அசதி என்று விட்டுவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் நேரே அவசரப் பிரிவுதான்.

கதிர்வீச்சு இடது பக்கம் என்பதால், மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்யும் முறை அங்கே உண்டா என்று கேளுங்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரை விட்டுச் சற்று விலகும், அதன்மேல் படும் கதிர் குறையும்.

எல்லாம் முடிந்த பிறகும், ஒரு வருடம் கழித்து ஒரு எக்கோ எடுக்க வேண்டும். கதிர்வீச்சால் ரத்தக்குழாயில் வரும் அடைப்பு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். அதனால் டாக்சோரூபிசினின் மொத்த அளவு, கதிர்வீச்சின் அளவு, கடைசி இ.எஃப். மூன்றையும் ஒரே தாளில் எழுதி வாங்கி, பிரஷர் பார்க்கும் டாக்டரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.