உள்ளேன் ஐயா

வணக்கம் சார். உயர்நிலைப் பள்ளியில் இருபது வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். போன மாதம் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். கூடப் படிக்கிற நாலு பேர் அவனை மாதக்கணக்கில் படுத்தியிருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. பெற்றோர் பள்ளியைக் குற்றம் சொல்கிறார்கள். நிர்வாகம் வீட்டுச் சூழ்நிலை என்கிறது. வெளியில் இருப்பவர்கள் அந்த நாலு பேரையும் ஜெயிலில் போடு என்கிறார்கள். அவன் அம்மா எங்களில் யாரைப் பார்த்தாலும், “உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?” என்று கேட்கிறார். யாரிடமும் எதுவும் பேசக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அவன் ஒருநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். என்னப்பா என்றேன். ஒண்ணுமில்ல மிஸ் என்று போய்விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தியே இல்லையோ என்று தோன்றுகிறது. நாங்கள் படாத கேலியா? எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம் என்கிறார் என் கணவர். உண்மையில் யார்தான் பொறுப்பு? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். வாசலில் வந்து நின்றான், ஒண்ணுமில்ல மிஸ் என்று போய்விட்டான். அதைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது.

தாங்கும் சக்தி இல்லை என்கிறீர்கள். நாங்கள் படாத கேலியா என்கிறீர்கள். பட்டுத் தேறி வந்தவர்கள்தான் டீச்சர் இன்றைக்கு இப்படிக் கேட்க முடியும். உங்களோடு படித்தவர்களில் பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள் என்று என்றாவது விசாரித்தீர்களா? பள்ளியில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் துன்புறுத்துவதை முதன்முதலாக முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான டான் ஓல்வேயுஸ் அதற்கு மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. உங்கள் அண்ணன் உங்கள் தலைமுடியை வைத்துக் கேலி செய்திருந்தால் அது இதில் வராது. இருபது வருடம் வகுப்பில் நின்றவர் இந்த இரண்டையும் ஒன்றாக்கலாமா? இறந்துபோன பிள்ளையின் பலத்தை அளக்கிறீர்களே, அவன் தலையில் எவ்வளவு ஏற்றினார்கள், எத்தனை நாள் ஏற்றினார்கள் என்று அளந்தீர்களா?

செல்போனை விட்டுவிடுங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் ஒரு சம்பவம் 1985-ல் ஜப்பானில் நடந்தது. அந்த நாலு பிள்ளைகள் செய்தது குற்றம்தான். அவர்கள் வயதுக்கு என்ன முறையோ அந்த முறையில் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அதற்குமேல் அவர்களைப் பற்றிப் பேச இன்று எனக்கு மனமில்லை.

எட்டாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில் ஒருவன் இருந்தான். திக்கிப் பேசுவான். அவன் பெயரின் முதல் எழுத்தை மூன்று தடவை சொல்லி ஒரு பட்டப்பெயர். வைத்தது வேறொருவன். கூப்பிட்டவர்களில் நானும் உண்டு. அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் அடிக்கடி காணாமல் போகும், சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். காம்பஸ் துருவேறி இறுகிவிட்டது. கணக்கு வகுப்பில் அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து விரிப்பான், விரலெல்லாம் பழுப்பாகிவிடும்.

ஒருநாள் வகுப்பாசிரியரிடம் போய்ச் சொன்னான். சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது. அவரும் பொறுமையாகத்தான் கேட்டார். “விளையாட்டுக்குப் பண்றானுங்கடா, நீயும் சேர்ந்து விளையாடு” என்றார். சில நாள் கழித்து வருகைப்பதிவு எடுக்கும்போது அவரே அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. வகுப்பைச் சிரிக்க வைக்க நினைத்திருப்பார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் எழுந்து நின்று, கொஞ்சமும் திக்காமல், “உள்ளேன் ஐயா” என்றான்.

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கு வரவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான், எனக்குத் தெரியாது. அதுவரை எங்கள் வாயில் மட்டும் இருந்த பெயர் அன்றைக்கு ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது என்பது மட்டும் தெரியும்.

1985 நவம்பரில் டோக்கியோவின் ஒரு நடுநிலைப் பள்ளியில், உயிரோடு இருக்கிற ஒரு மாணவனுக்கு அவன் வகுப்புப் பிள்ளைகள் ஈமச்சடங்கு நடத்தினார்கள். அவன் மேசையில் பூ, ஊதுபத்தி, எல்லோரும் விடைகொடுத்து எழுதிய ஓர் அட்டை. அந்த அட்டையில் நான்கு ஆசிரியர்களும் எழுதியிருந்தார்கள். ஒருவர் வகுப்பாசிரியர். 1986 பிப்ரவரியில் அந்தப் பையன் தன்னை மாய்த்துக்கொண்டான். வயது 13. வழக்கு நடந்தது. 1991-ல் கீழ்க்கோர்ட்டு அந்தச் சடங்கைத் துன்புறுத்தலாகப் பார்க்கவில்லை, பிள்ளைகளின் குறும்பாகத்தான் பார்த்தது. 1994-ல் உயர் நீதிமன்றம்தான் அதுவும் துன்புறுத்தலே என்று சொன்னது. அந்த ஒன்றைச் சொல்ல எட்டு வருடம்.

விளையாட்டு என்ற சொல்தான் டீச்சர் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. விளையாட்டென்றால் இரண்டு பக்கமும் ஆட வேண்டும். போதும் என்றால் நிற்க வேண்டும். இன்றைக்குத் தோற்றவன் நாளைக்கு ஜெயிக்க வழி இருக்க வேண்டும். மூன்றும் இல்லாத ஒன்றுக்கு இந்தப் பெயரைப் பிள்ளைகள் வைப்பதில் ஆச்சரியமில்லை, மாட்டிக்கொண்டால் தப்பிக்க அவர்களுக்கு அது வேண்டும். நாம் ஏன் அதை வாங்கி நம் வாயால் திருப்பிச் சொல்கிறோம்? சொன்னால் விசாரிக்க வேண்டாம், யாருடைய அப்பாவையும் கூப்பிட வேண்டாம், அடுத்த பீரியடுக்குப் போய்விடலாம். அந்த அட்டையை நீட்டியபோது அந்த நாலு ஆசிரியர்களில் ஒருவர், ஒரே ஒருவர், “யாருக்குடா இது?” என்று கோபமாகக் கேட்டிருந்தால்?

கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பார்த்து 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. இத்தகைய சம்பவங்களில் 88 சதவீதத்தில் வேறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவர்களில் யாராவது குறுக்கே புகுந்தபோது, 57 சதவீதம் 10 விநாடிக்குள் நின்றுவிட்டது. அன்றைக்கு நான் சிரித்து அடங்க அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

பொறுப்பைப் பங்கு போட்டுத்தான் தீர வேண்டும் என்றால் போடலாம். ஜப்பானிலேயே ஓட்சு நகரில் 2011-ல் இன்னொரு 13 வயதுப் பையன் இப்படி இறந்தான். 2019-ல் கோர்ட்டு, கூடப் படித்த இருவர் சுமார் 3.75 கோடி யென் தர வேண்டும் என்றது. 2020-ல் உயர் நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் நிலையையும் கணக்கில் எடுத்து அதைச் சுமார் 40 லட்சமாகக் குறைத்தது. ஒரு சாவுக்கு ஒரே காரணம் சொல்வது தவறு, அது எனக்கும் தெரியும். வீடும் உண்டு, மனநிலையும் உண்டு. ஆனால் அந்தச் சாவை ஒட்டி 2013-ல் வந்த சட்டத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். செய்தவன் என்ன நினைத்துச் செய்தான் என்பதை அது பார்ப்பதில்லை. யாருக்குச் செய்தார்களோ அந்தப் பிள்ளைக்கு உடம்பிலோ மனசிலோ வலித்ததா என்று பார்க்கிறது. விளையாட்டு என்ற சொல் நுழைய அதில் இடமில்லை.

இப்போது உங்கள் வாசலுக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பையன் ஸ்டாஃப் ரூம் வாசல்வரை சும்மா வரமாட்டான். அவ்வளவு தூரம் வருவதற்குள் எத்தனை தடவை திரும்பிப் போக நினைத்திருப்பான். இத்தனை டீச்சர்கள் இருக்க, உங்களிடம் வந்திருக்கிறான். நீங்கள் நல்லவர் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறான். உங்கள் கையில் திருத்தாத நோட்டுகள் இருந்திருக்கும், அடுத்த மணி அடித்திருக்கும். ஒண்ணுமில்ல என்றதும் விட்டுவிட்டீர்கள். நானாக இருந்தாலும் அன்றைக்கு விட்டிருப்பேன். அதற்காக உங்களை நீங்களே தின்றுகொள்ளாதீர்கள். ஆனால் அந்த நாளை இனியும் ஒளித்து வைக்காதீர்கள்.

ஓட்சுவில் கூடப் படித்த பிள்ளைகள் தாங்கள் பார்த்ததையும் கேட்டதையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் பலவற்றைக் கல்வி வாரியம் வெளியே சொல்லவில்லை. 2012-ல் அவை வெளியே வந்த பிறகுதான் போலீஸ் பள்ளிக்குள் போய்ச் சோதனை போட்டது. பிள்ளைகள் எழுதினார்கள், பெரியவர்கள் மூடி வைத்தார்கள். உங்களுக்கு வந்திருக்கிற உத்தரவும் அந்த ஜாதிதான்.

ஒரு தாளில் எழுதுங்கள். என்ன தேதி, எந்த பீரியடுக்கு அப்புறம், எவ்வளவு நேரம் நின்றான், கையில் என்ன வைத்திருந்தான், நீங்கள் என்ன கேட்டீர்கள், அவன் என்ன சொன்னான். அதை விசாரிப்பவர்களிடம் கொடுங்கள். அதற்கு முன்னால் அவன் அம்மாவிடம் நேரில் சொல்லுங்கள். அவர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் உங்களிடம்தான் இருக்கிறது. நிர்வாகம் கோபப்படும், மெமோ கொடுக்கும். கொடுக்கட்டும்.

அந்த வீட்டுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் கூட வருகிறேன்.