டிரே தூக்க இயந்திரம் வந்தால் மகள் என்ன படிப்பது?

கேள்வி: சென்னைப் புறநகரில் ஒரு பெரிய ரொட்டித் தொழிற்சாலையில் 19 ஆண்டுகளாக டிரே அடுக்கும் வேலை பார்க்கிறேன். இரவு ஷிஃப்டில் ஆயிரம் டிரேயாவது என் கையில் ஏறி இறங்கும். இப்போது டிரேயை அடுக்கவும் பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) ஏற்றவும் இயந்திரம் போடுகிறார்கள். பிளஸ் டூவில் கணிதப் பிரிவு முடித்த என் மகள் மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த படிப்பு) டிப்ளமோ படிக்கிறேன் என்கிறாள். என் வேலையைப் பறிக்கிற இயந்திரத்தை என் மகளே ஓட்டப் போவதா? அந்த வேலையும் நாளைக்குப் போய்விடாதா?

பதில்: ஐயா, ஆயிரம் டிரே என்று எழுதியிருந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 கிராம் பாக்கெட் இருபது வைத்தால் ரொட்டி மட்டும் 8 கிலோ. டிரேயின் எடையும் சேர்த்துப் பத்துக் கிலோ என்று கொண்டால், இரவொன்றுக்குப் பத்து டன். அதில் மேல்வரிசை எல்லாம் தோளுக்கு மேலே தூக்கியது. அந்த வேலை போகிறதே என்று நான் வருந்த மாட்டேன். அந்தச் சம்பளம் போகிறதே என்பதுதான் கவலை. ஆளைக் குறைப்பார்கள். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். மாவு பிசைவதும் சுடுவதும் வெட்டுவதும் எப்போதோ இயந்திரத்துக்குப் போய்விட்டன. டிரே மட்டும் இத்தனை நாள் மனிதர் கையில் நின்றது ஏன் என்று உங்களுக்கே தெரியும். ரொட்டி மெத்தென்ற பண்டம். பிஸ்கட் பெட்டிபோல் அதன்மேல் பாரம் ஏற்ற முடியாது, டிரேதான் தாங்க வேண்டும். அந்த டிரேயோ கடை வாசலில் வெயிலில் கிடந்து, மூலை உடைந்து, உள்ளே பாலித்தீன் உறையும் பீடித் துண்டுமாகத் திரும்பி வருகிறது. நிரம்பியது எத்தனை வெளியே போகிறதோ அத்தனை காலி டிரே உள்ளே வந்தாக வேண்டும். அடுக்கைப் பிரித்து, கவிழ்த்துக் கொட்டி, கழுவி, உலர்த்தி மறுபடி கன்வேயரில் விட வேண்டும். உடைந்த டிரேயை உங்கள் கை தொட்ட மாத்திரத்தில் ஒதுக்கிவிடும். இயந்திரத்துக்கு அது தானாக வராது.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஆலோசனை கேட்டுப் படித்த ஒரு பையன் வேலை பார்த்த ஆலைக்குப் போயிருந்தேன். இரவு ஒரு மணி. புதிதாகப் போட்ட டிரே அடுக்கும் இயந்திரம் கால் மணிக்கு ஒருமுறை நின்று சிவப்பு விளக்கைக் காட்டியது. சென்சார் கண்ணில் மாவு படிந்திருக்கும் என்று துடைத்தார்கள். காற்றழுத்தத்தைக் கூட்டினார்கள். மூன்று இரவாக இதே கதை என்றான் பையன். தேநீர்க் குவளையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வயதான லோடுமேன் ஒருவர், “நீல டிரேயில் இரண்டு வகை இருக்கிறது தம்பி, புதிதாக வந்தது கொஞ்சம் உயரம்” என்றார். அளந்து பார்த்தால் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். ஓர் அடுக்குக்கு எட்டு டிரே. எட்டுமே புதியதாகச் சேர்ந்துவிட்டால் 32 மில்லிமீட்டர். டிரேயைப் பிடிக்கும் கவ்வி எட்டாவதன் விளிம்பில் இடித்து நின்றிருக்கிறது. பையன் அன்றிரவே இரண்டு வகையையும் தனித்தனி வரிசையில் விட்டு, புரோகிராமில் உயரத்துக்கு இரண்டு கணக்கு எழுதினான். விடியும்வரை விளக்கு எரியவில்லை.

உங்கள் மகள் பார்க்கப்போகும் வேலை இதுதான். பச்சை பட்டனை அழுத்திவிட்டு நிற்கிற வேலை என்றால் உங்கள் பயம் நியாயமே, அதற்கு டிப்ளமோவே வேண்டாம். நின்ற இயந்திரத்தின் பேனலைத் திறந்து காரணம் தேடுபவரை, டிரே உடைகிற காலம்வரை ஆலை தேடிக்கொண்டுதான் இருக்கும்.

ரோபோ என்ற சொல்லுக்கு மட்டும் அவள் மயங்க வேண்டாம். பேலட்டில் ஏற்றும் ரோபோக்கள் இருக்கின்றன. ஏபிபி நிறுவனத்தின் ஐஆர்பி 460 என்ற நான்கு அச்சு (நான்கு விதமாக அசையும்) ரோபோ 110 கிலோவரை தூக்கும். பொருளைச் சாய்க்கத் தேவையில்லை, தூக்கித் திருப்பி வைத்தால் போதும் என்பதால்தான் ஆறு அச்சு இல்லாமல் நான்கு. ஆனால் டிரே அடுக்கும் இடத்தில் பெரும்பாலும் அதுகூட இருக்காது. ஒரு லிஃப்ட், பக்கத்துக்கு ஒரு கவ்வி, நாலைந்து சென்சார், இவற்றை ஆட்டிவைக்கும் பிஎல்சி என்ற சிறு கணினி, அவ்வளவுதான். காற்றழுத்தத்தால் இயக்கும் நியூமேட்டிக்ஸ், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், சென்சார், பிஎல்சி இந்த நான்கிலும் கை பழகினால் ரொட்டி ஆலை வேண்டாம் என்றாலும் பால் பண்ணை, மருந்து ஆலை, கிடங்கு என்று எங்கும் போகலாம்.

கணிதப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருப்பதால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் வேண்டுமானால் பொறியியல் கல்லூரியிலும் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்று சேரும் கல்லூரியிலேயே கேளுங்கள்.

பாடப்பிரிவின் பெயரைவிட ஆய்வகம் முக்கியம். பணம் கட்டும் முன் மகளோடு போய்ப் பாருங்கள். பிஎல்சி பலகை கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறதா, வயர் செருகிச் செருகித் தேய்ந்திருக்கிறதா? காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரெசரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சாவியைத் தேட ஆரம்பித்தார்கள் என்றால் வெளியே வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் மெக்கட்ரானிக்ஸ் படிப்பதைவிட, நல்ல ஆய்வகமுள்ள பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படிப்பது மேல்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இரவு ஷிஃப்ட். ரொட்டி ஆலையில் நெரிசலே இரவில்தான். தொழிற்சாலையில் பெண்கள் இரவுப்பணி செய்வதைத் தடுத்த சட்டப்பிரிவு செல்லாது என்று 2000ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பாதுகாப்பும் போக்குவரத்தும் நிர்வாகத்தின் பொறுப்பு. நேர்முகத்தேர்வில் வீட்டு வாசல்வரை வண்டி வருமா என்று அவளே கேட்கட்டும், கூச்சப்பட வேண்டியதில்லை.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரம் பொருத்த வருபவர்கள் ஓரிரு மாதம் உங்கள் ஆலையில்தான் இருப்பார்கள். எந்த டிரே சிக்கும், எந்த வண்டியில் உடைந்தது அதிகம் வரும் என்று உங்களுக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதி, சூப்பர்வைசர் மூலமாக அவர்களிடம் கொடுங்கள். இயந்திரத்துக்கு ஆபரேட்டராகப் பயிற்சி தரும் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிய நோட்டை மகளிடமும் காட்டுங்கள்.