ஒலிமேடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செம்பூரில் பத்துக்குப் பத்து அறை ஒன்றில் கணினியை வைத்துக்கொண்டு மின்னணு இசை அமைத்து வருகிறேன். பகலில் வேலைக்குப் போய்விடுவதால், இரவு பதினொரு மணிக்குமேல், பக்கத்து வீட்டாரின் தூக்கம் கெடாதபடி ஒலியைக் குறைத்து வைத்தே மாஸ்டரிங் (டிராக்கை வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்கிறேன். அறையில் கிக் (டிரம்மின் கனத்த அடி), பாஸ் (ஆழ்ந்த கீழ் ஒலி) இரண்டும் அளவாகத்தான் கேட்கின்றன. அதே டிராக்கை அண்ணனின் காரில் போட்டால் பாஸ் குமுறி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பிளக்-இன்களை (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்களை) மாற்றி மாற்றி ஆறு முறை செய்து பார்த்துவிட்டேன். எங்கே தவறு செய்கிறேன்?
— வாசகர், செம்பூர், மும்பை

பதில்: பிளக்-இன்களை விட்டுவிடுங்கள். நீங்கள் உட்காரும் இடமும் கேட்கும் நேரமும்தான் உங்களை ஏமாற்றுகின்றன.

முதலில் அறையைப் பார்ப்போம். ஒலி நம் ஊர் வெப்பத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. பத்து அடி, அதாவது 3.05 மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி மோதித் திரும்பி, ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் அலையாகிவிடுகிறது. அந்த அலை சுவரோரத்தில் பலமடங்கு பெருத்தும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலும் கேட்கும். உங்கள் அறை சதுரமானது என்பதால் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என இரண்டு அலைகள் ஒரே அளவில் சேர்ந்துகொள்கின்றன. நம் கிக்கும் பாஸும் குடியிருப்பது இதே பகுதியில்தான். 'ஏ' சுரத்தின் பாஸ் சரியாக 55 ஹெர்ட்ஸ். நீங்கள் அறையின் நடுவில் அமர்ந்திருந்தால், இருக்கும் பாஸ் உங்கள் காதுக்கு எட்டுவதில்லை. எட்டாததை நீங்கள் கூட்டிக்கொண்டே போகிறீர்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். 55 ஹெர்ட்ஸ் சைன் அலையை (ஒரே சுருதி மட்டும் கொண்ட தூய ஒலியை) மெல்ல ஒலிக்கவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து சுவர்வரை நடந்து பாருங்கள். மாட்டுங்காவில் நான் முதலில் குடியிருந்த அறையில் இதைச் செய்தபோது, நடு அறையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்த ஒலி, மூலையிலிருந்த இரும்பு பீரோவை நெருங்கியதும் அதன் கதவை அதிர வைத்தது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக நான் முடித்துக் கொடுத்த டிராக்குகள் அத்தனையிலும் பாஸ் கூடுதலாக இருந்ததன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

நாற்காலியை நகர்த்துங்கள். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் ஏறத்தாழ 38 சதவீதம், உங்களுக்கு நாலடிக்குச் சற்றுக் குறைவு, என்பது தொடங்குவதற்கு நல்ல இடம். முட்டை அட்டையையும் மெல்லிய ஸ்பாஞ்சையும் வாங்கி ஒட்டாதீர்கள்; 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல், ஓர் அங்குல ஸ்பாஞ்ச் அதை ஒன்றும் செய்யாது. மூலைகளில் கனமான ராக்வூல் (பாறையிழைப் பஞ்சு) பலகைகளை நிறுத்த இடமிருந்தால் ஓரளவு பலன் கிடைக்கும்.

அடுத்தது நேரம். ஒலி குறையக் குறைய நம் காது மற்றவற்றைவிட பாஸை வேகமாக இழக்கிறது. ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். நள்ளிரவில் கிசுகிசுப்பான அளவில் வைத்துக் கேட்டு, பாஸ் போதவில்லை என்று முடிவெடுப்பது இதனால்தான் ஆபத்து. இரவில் அமைப்பு வேலைகளைச் செய்யுங்கள். பாஸ் அளவை முடிவு செய்வதை மட்டும் ஞாயிறு பகலுக்கு, அல்லது நல்ல ஹெட்போனுக்கு, ஒதுக்கி வையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்பும் வழி ஒன்று உண்டு. உங்கள் டிராக்கின் பாணியிலேயே வெளியான, நீங்கள் மதிக்கும் டிராக் ஒன்றைப் பக்கத்தில் ஏற்றி, அதன் சத்தத்தை உங்களுடையதற்குச் சமமாகக் குறைத்து, இருந்த இடத்திலிருந்தே இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அறை இரண்டுக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது. சத்தத்தைச் சமமாக்காமல் ஒப்பிடாதீர்கள், சத்தமானது எப்போதும் சிறந்ததாகவே தோன்றும்.

வேறுபாடு தெரிந்ததும் மாஸ்டரில் ஈக்யூவால் (கீழ், மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியால்) வெட்டாதீர்கள். பாஸைக் குறைக்கப்போய் கிக்கின் உடம்பும் சேர்ந்து போகும். ஒவ்வொரு ஒலியும் தனித்தனியாக இருக்கும் மிக்ஸுக்குத் திரும்பி, பாஸ் டிராக்கைக் குறையுங்கள், அல்லது கிக் அடிக்கும் கணத்தில் பாஸ் ஒதுங்கி வழிவிடும்படி சைட்செயின் வையுங்கள். வெளியாள் ஒருவர் மாஸ்டரிங் செய்தால் அவர் கையில் ஒரே ஒரு ஸ்டீரியோ கோப்புதான் இருக்கும். உங்களிடம் மிக்ஸே இருக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அளவீடு; பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) அளவில்தான் மாஸ்டர் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு நடன டிராக்குகளை அளந்தால் -8 காட்டுகிறது. எதைப் பின்பற்றுவது?
— வாசகர், சயன், மும்பை

பதில்: -14 என்பது ஸ்பாட்டிஃபை பாடல்களை ஒலிக்கவிடும் இயல்பான அளவு, நீங்கள் எட்டியாக வேண்டிய இலக்கு அன்று. -8 அளவில் கொடுத்தால் அது 6 டெசிபல் குறைத்து ஒலிபரப்பும். சத்தத்தை ஏற்றுவதற்காக டிராக்கை நசுக்கியதன் இழப்பு மட்டும் உங்களிடம் தங்கிவிடும். கிளப்பில் டிஜே போடும்போது இத்தகைய சமப்படுத்தல் பொதுவாக இருப்பதில்லை என்பதால்தான் நடன டிராக்குகள் அவ்வளவு சத்தமாகச் செய்யப்படுகின்றன.

செம்பூர் வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும். எல்யூஎஃப்எஸ் அளவீடு ஆழ்ந்த பாஸுக்குக் குறைந்த மதிப்பே தருகிறது. ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டரோ முதலில் பாஸில்தான் முட்டுகிறது. மிகையான பாஸ் உள்ள டிராக்கை எவ்வளவு தள்ளினாலும் எண் ஏறாது, கிக் அடிக்கும்போதெல்லாம் மற்ற ஒலிகள் உள்வாங்கிப் போகும். லிமிட்டர் 3 டெசிபலுக்குமேல் குறைப்பதைக் கண்டால் நான் வேலையை நிறுத்திவிட்டு மிக்ஸைத் திறந்துவிடுவேன். ட்ரூ பீக்கை (ஒலி எட்டும் உண்மையான உச்சத்தை) -1 டெசிபலில் வையுங்கள். எம்பி3 போன்ற வடிவங்களுக்கு மாற்றும்போது உச்சங்கள் சற்று எழும்பும்.

கேள்வி: இறுதிக் கோப்பு 16 பிட்டா, 24 பிட்டா? டிதர் (பிட் குறையும்போது எழும் சிதைவை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) வேண்டுமா?
— வாசகர், முலுண்ட்

பதில்: விநியோகிப்பவர் ஏற்றுக்கொண்டால் 24 பிட் வேவ் கோப்பையே கொடுங்கள். 16 பிட் கேட்டால், மாற்றும் அந்தக் கடைசிப் படியில் ஒரே ஒரு முறை டிதர் சேருங்கள். அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் எதையும் தொடாதீர்கள்.