தெய்வமில்லாத நாட்டில் படைப்பு

அன்புள்ள ஐயா,

தங்கள் தொடர்கதையில் வரும் நெடுங்கல் நாட்டில் கோயில் இல்லை, பூசாரி இல்லை, மறுபிறவி பற்றிய பேச்சும் இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் ஒவ்வொரு குடியும் தன் முன்னோருக்குப் படைக்கிறது. இதுவும் ஒரு மதந்தானே? தெய்வத்துக்கு அஞ்சாதவர்கள் வேறு எதற்கு அஞ்சிச் சொன்ன சொல்லைக் காப்பார்கள்? அவரவர் முன்னோர் அவரவர்க்கு என்றால், நாடு முழுவதற்கும் பொதுவான அறம் எங்கிருந்து வரும்?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

முன்னோரைப் போற்றுவது மதமா என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்துவருவது. சீனத்தில் கத்தோலிக்கரானவர்கள் தம் முன்னோரின் பெயர்ப்பலகை முன் வணங்கலாமா என்ற சர்ச்சை எழுந்தபோது, அது நன்றியறிதலும் குடும்பக் கடமையுமே என்று பேரரசர் காங்சி 1700-இல் விளக்கமளித்தார். போப் பதினோராம் கிளமெண்ட் 1715-இல் அவ்வணக்கத்தைத் தடைசெய்தார். 1939-இல் ரோமாபுரியே அச்சடங்குகளைச் சமூக மரியாதை என ஏற்று அனுமதித்தது. நம்மிடையே மாங்குடி கிழார், பகைவரை எதிர்நின்று தடுத்து, களிற்றைக் கொன்று வீழ்ந்தவனின் நடுகல்லைத் தவிர, நெல் தூவி வழிபடும் கடவுள் வேறில்லை என்று புறநானூற்றின் 335-ஆம் பாடலில் சொல்லிவிட்டார். என் நாட்டின் பெயரில் நிற்கும் கல் அந்தக் கல்தான்.

அச்சத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் நம் செட்டிநாட்டுப் படைப்பு வீடுகளைத் தாங்கள் அறிவீர்கள். நகரத்தார் சிவநெறியில் ஊன்றியவர்கள் என்பதையும், படைக்கப்படும் முன்னோர் அவர்களுக்குத் தெய்வமே என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டது புள்ளிக் கணக்கை. திருமணமானவன் தனிப் புள்ளியாகிறான். பங்காளிகள் கூடிச் செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறார்கள். கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களும் தம் ஊர்க் கணக்கில் புள்ளியாகவே இருந்தார்கள். இத்துடன், ஐயாவின், அதாவது பாட்டனாரின், பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். நெடுங்கல் நாட்டில் பெயரோடு அந்தப் பெயருக்குரிய கடனும் வந்துசேர்கிறது. பாட்டனுக்குக் கடன் கொடுத்தவரின் வீட்டார் படைப்பன்று வாசலில் நின்று அந்தக் கடனைச் சொல்லலாம். அதற்கு விடை சொல்லாமல் இலை போட முடியாது. செத்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அங்கே யாரும் நம்புவதில்லை. தன் பேரனுக்கு எந்தப் பெயரை விட்டுச்செல்வது என்ற கவலை மட்டுமே அவர்களைக் கட்டுகிறது, அது போதும் என்பதே என் துணிபு.

ஆனால் தங்கள் கடைசிக் கேள்வி என்னைப் பல இரவுகள் உறங்கவிடாதது. படைப்பு இயல்பிலேயே மூடிய வட்டம். பங்காளிகளுக்கு மட்டும் உரியது. முன்னோர் மீதான மரியாதை எவ்வளவு எளிதாகப் பிறப்பின் செருக்காகத் திரிந்துவிடும் என்பதை இந்த மண்ணில் வாழும் நாம் நன்றாகவே கண்டிருக்கிறோம். ஊருணி வெட்டுவித்தவரின் பெயர் நமக்குத் தெரியும். மண் சுமந்தவளின் பெயர் தெரியாது. பர்மாத் தேக்குத் தூண்களைக் கப்பலில் வரவழைத்தவரை அறிவோம். அவற்றைத் தோளில் ஏற்றி நிறுத்தியவரையும், சுவரைக் கண்ணாடிபோல் தேய்த்து மெருகேற்றியவரையும் முன்னோர் நினைவைக் காக்கும் எந்தப் படைப்புப் பேழையிலும் நாம் வைக்கவில்லை. தம் வீட்டு இறந்தோரை மட்டும் நினைக்கும் ஆயிரம் குடிகள் ஒரே நிலத்தில் வாழலாம், ஒரு நாடாக மாட்டார்கள்.

ஆகவேதான் அந்நாட்டின் பழைய சட்டமாக, ஒவ்வொரு குடியும் தன்னைச் சேராத ஓர் இறந்தவருக்கு ஓர் இலை கூடுதலாகப் போட வேண்டும் என்று எழுதினேன். யாருக்கு என்பதைக் குடவோலை தீர்மானிக்கும். பஞ்சத்தில் வழியில் விழுந்தவராக இருக்கலாம், கிணறு தோண்டுகையில் மண் சரிந்து மாண்டவராக இருக்கலாம், தூக்கிலிடப்பட்டவராகவும் இருக்கலாம். அவர் யார், என்ன செய்தார், யாருக்குக் கடன்பட்டார் என்று ஊரெல்லாம் விசாரித்தறிந்து, அந்தக் கடனைத் தம்முடையதாக ஏற்ற பிறகே இலை போட முடியும். அடுத்த வீட்டுச் சாவுக்குப் பொறுப்பேற்றவன் அந்த வீட்டுக் குழந்தையை ஏமாற்றத் தயங்குவான். அந்நாட்டின் பொது அறம் இந்தத் தயக்கத்திலிருந்தே வளர்கிறது.

அந்த இலையை மறுக்கும் குடிக்குத் தண்டனை எதுவும் இல்லை. அக்குடியில் ஒருவர் இறந்தால், அவருக்கான ஓலை மட்டும் குடத்தில் இடப்படாது. இரண்டாம் பாகத்தில் மன்னனின் குடியே அப்படி மறுக்கிறது.