டிடிபி தெரிந்தால் போதாதா என்று கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் சார்.

போன சனிக்கிழமை உங்கள் மகளை நாலு வருட டிசைன் படிப்பில் சேர்ப்பது பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள். "எங்க பிரஸ்ல டிடிபி போடுற பையன் ஆறு மாசக் கோர்ஸ் படிச்சவன். போஸ்டர், நோட்டு அட்டை, காலண்டர் எல்லாம் அவனே பண்றான். இதுக்கு எதுக்கு சார் நாலு வருஷம்?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மேலோட்டமாக ஏதோ சொல்லி அனுப்பினேன். சிவகாசியில் இருபது வருடம் ஃபோர் கலர் மெஷின் முன்னால் நின்றவருக்கு அந்தப் பதில் போதாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் சில பெற்றோர் வருகிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பாப்பா பிளஸ் ஒன். நன்றாகப் படிக்கிறாள். ஆனால் போனில் நானூறு போஸ்டர் சேர்த்து வைத்திருக்கிறாள். கோட்டை, டிராகன், மந்திரக்கோல், பறக்கிற குதிரை என்று எல்லாமே மாயாஜாலப் படங்கள். "இத எந்நேரமும் பார்த்துக்கிட்டிருக்கிறது ஒரு படிப்பா?" என்றீர்கள். பார்த்துக்கொண்டே இருப்பது படிப்பில்லைதான். ஆனால் நீங்கள் டீ குடிக்க வெளியே போன கால் மணி நேரத்தில் இங்கே ஒன்று நடந்தது.

மேஜை டிராயரில் சில போஸ்டர்களை பிரிண்ட் எடுத்து வைத்திருப்பேன். அதில் ஒன்றை அவளிடம் கொடுத்தேன். 2015இல் பாகுபலி முதல் பாகம் வருவதற்கு முன்னால் வெளியிட்ட போஸ்டர். தண்ணீருக்கு மேலே ஒரு கை. கையில் ஒரு பச்சைக்குழந்தை. "என்ன தெரியுது?" என்றேன். "பாகுபலி சார்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "படத்த நீ பார்க்கவே இல்லன்னு வெச்சுக்கோ. இது மட்டும்தான் உன் கையில இருக்கு. இப்ப சொல்லு" என்றேன்.

ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "கை யாரோடதுன்னு தெரியல சார்."

அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரும்பாலான பிள்ளைகள் அதில் இருப்பதைச் சொல்வார்கள். கை, குழந்தை, தண்ணீர். இவள் இல்லாததைச் சொன்னாள். பெரிய பட்ஜெட், பெரிய நடிகர்கள். அதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, பெரியவர் முகம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு போஸ்டரை வெளியே விடுகிறார்கள் என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அது. வழக்கமான மாயாஜாலப் பட போஸ்டர் எப்படி இருக்கும்? நடுவில் நாயகன், பின்னால் மேகத்தில் வில்லன் முகம், இரண்டு பக்கமும் மற்றவர்கள், காலடியில் படை. அது "இத்தனை பேர் இருக்கிறார்கள், வாருங்கள்" என்று அழைக்கிறது. இந்த ஒற்றைக் கை நம்மிடம் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. முங்கிக்கொண்டிருப்பது யார்? குழந்தையை எடுக்க யார் வருவார்கள்?

"உன் கண்ணு எங்க ஆரம்பிச்சு எங்க போச்சு?" என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். குழந்தையில் தொடங்கிக் கை வழியாகத் தண்ணீருக்கு இறங்கி, மறுபடி மேலே குழந்தைக்கே வந்தாள். "கீழ போனா பயமா இருக்கு, அதான் மேல வந்துட்டேன்" என்றாள். பாடப்புத்தகத்தில் இதைக் காட்சி ஓட்டம் என்று எழுதியிருப்பார்கள். அவள் சொன்ன விதம் எனக்கு அதைவிடப் பிடித்தது.

இப்போது உங்கள் பிரஸ் பையனுக்கு வருவோம். அவன் கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை. தமிழ் டைப்பிங், படத்தை வெட்டி ஒட்டுவது, கலர் பிரிப்பது எல்லாம் அத்துப்படி. பார்ட்டி வந்து "தலைவர் முகம் பெருசா, பேரு சிவப்புல" என்றால் அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுப்பான். ஆனால் "முகமே வேண்டாம், கை போதும்" என்று சொல்வது அவன் வேலை இல்லை, அதற்கு அவனுக்குச் சம்பளமும் இல்லை. அந்த முடிவை எடுக்கிறவரைத்தான் டிசைனர் என்கிறோம். நாலு வருடப் படிப்பின் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. சாஃப்ட்வேர் அதில் ஒரு ஓரம்.

அவளுக்குக் கொடுத்த இரண்டாவது படம் உங்களுக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் வேதாளம் கதைக்கு மேலே மாதா மாதம் வருமே, அந்தப் படம். மயானத்தில் ராஜா நடக்கிறான், கையில் உருவிய வாள், தோளில் பிணம். அட்டைப்படம் இல்லை, உள்ளே கதைத் தலைப்பில் வருவதுதான். ஆனாலும் பத்திரிகையையே அந்தப் படத்தை வைத்து நினைவு வைத்திருப்பவர்கள் ஏராளம். சின்ன வயதில் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டியவர்களில் நானும் ஒருவன். ஏன் பயந்தோம் என்பது இவளோடு பேசும்போதுதான் எனக்கே தெளிவானது. வாளை உருவிப் பிடித்திருக்கிறான், வெட்ட எதிரே ஆள் இல்லை. ஆபத்து அவன் தோளிலேயே தொங்குகிறது. கையில் இருக்கும் ஆயுதம் எதற்கும் உதவாது என்பதை ஒரு வரி படிக்காமலே குழந்தைக்குச் சொல்லிவிடுகிறது அந்தப் படம்.

அதை வரைந்தவர் சங்கர், அதாவது கே.சி. சிவசங்கரன். இங்கே ஒரு சின்ன விலகல், ஆனால் உங்களுக்குத் தேவையான விலகல். அவர் படித்தது சென்னையில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று அழைக்கப்படும் இடத்தில். 1850இல் தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவை வெளியிட்ட சந்தமாமா நிறுவனத்தில் சேர்ந்தவர் ஏறக்குறைய அறுபது வருடம் அங்கேயே வரைந்தார். 2020இல் மறைந்தார், 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். "இந்த வேலை நிலைக்குமா?" என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்காகச் சொன்னேன். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். அந்த மாதிரி ஒரே இடத்து வேலைகள் இன்று குறைவு.

போஸ்டருக்கும் பத்திரிகை அட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்கு என்னைவிட நீங்கள்தான் நன்றாகச் சொல்லிக் கொடுக்க முடியும். சுவரில் ஒட்டுவதைப் பஸ்ஸில் போகிறவன் சில நொடிதான் பார்ப்பான். பத்திரிகை பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும், பாதி அட்டையைப் பக்கத்துப் புத்தகம் மறைக்கும். அதனால்தான் பத்திரிகையின் பெயர் உச்சியில் இருக்கிறது. நாயகனின் தலையோ கிரீடமோ அந்தப் பெயரின் இரண்டு எழுத்தை மறைத்தாலும் பெரிய பத்திரிகைகள் கவலைப்படுவதில்லை, வாசகனுக்குப் பெயர் மனப்பாடம் என்ற தைரியம். புதுப் பத்திரிகை அப்படிச் செய்தால் கதை முடிந்தது. ஆறு ஷீட் போஸ்டரில் ஷீட்டுகள் சேரும் இடம் முகத்தின் மேலே வந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அதே போஸ்டர் போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கியும் நிற்க வேண்டும். எங்கே, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் பார்ப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அழகு அதற்கு அப்புறம்.

எழுத்து விஷயமும் அப்படித்தான். ஆங்கிலப் பட போஸ்டர்களில் அடிக்கடி வரும் கம்பீரமான பெரிய எழுத்துக்கு டிராஜன் என்று பெயர். ரோமில் சுமார் 1,900 வருடங்களுக்கு முன் எழுப்பிய டிராஜன் தூணின் பீடத்தில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்து, கரோல் டுவாம்ப்ளி 1989இல் அடோபி நிறுவனத்துக்காக வடிவமைத்தது. அதைப் போட்டாலே பழமையும் ராஜ்ஜியமும் வந்துவிடுகிறது. தமிழுக்கு அப்படி நேராக எடுத்துப்போட ஒன்று கிடையாது, பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பிரிவும் கிடையாது. ஒரு படம் ஐந்து மொழியில் வந்தால் தலைப்பை ஐந்து முறை வரைய வேண்டும். இந்திக்காரருக்கு எழுத்தின் மேல்கோடே வாளாகிவிடும். நமக்குக் கொம்பும் சுழியும் கால்களும்தான் இருக்கின்றன. அதில் உலோகப் பளபளப்பு ஏற்றி, விரிசல் விட்டு, தீப்பொறி தெளிக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி அந்தத் தீப்பொறிகளோடு கலந்து காணாமல் போய்விடும். எத்தனை போஸ்டரில் பார்த்திருப்பீர்கள்! தமிழ் எழுத்தைத் தெரிந்து வரைகிற டிசைனர்கள் குறைவு. உங்கள் வீட்டில் அதற்கு ஆர்வம் இருந்தால் அது ஒரு வாய்ப்பு.

சரி, இனி நடைமுறை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மே மாதம்தான் வருகிறார்கள். அதற்குள் முக்கியமான நுழைவுத்தேர்வுகள் முடிந்திருக்கும். ஐஐடிகளின் டிசைன் படிப்புக்கான யூசீட் தேர்வு ஜனவரியில். அகமதாபாத்தில் தொடங்கிய என்ஐடியின் (தேசிய டிசைன் கல்வி நிறுவனம், இன்ஜினியரிங் என்ஐடி இல்லை) முதல்கட்டத் தேர்வு டிசம்பர், ஜனவரி வாக்கில். ஃபேஷன் டிசைன் கல்வி நிறுவனமான நிஃப்டின் தேர்வு பிப்ரவரியை ஒட்டி. அடுத்த வருடம் காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு மூன்றின் இணையதளத்தையும் பாருங்கள், தேதிகள் வருடத்துக்கு வருடம் நகரும். யூசீட்டுக்கு எந்த குரூப் எடுத்த மாணவரும் விண்ணப்பிக்கலாம். கணினியில் ஒரு பகுதி, தாளில் வரைவது ஒரு பகுதி. என்ஐடியில் இரண்டாம் கட்டத்தில் செய்முறைச் சோதனை உண்டு. இவற்றில் கட்டணம் லட்சங்களில் போகும், உதவித்தொகை விவரத்தையும் சேர்த்தே படியுங்கள். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் நாலு வருட பிஎஃப்ஏ, அதாவது கவின் கலைப் பட்டப்படிப்பு உண்டு. செலவு மிகக் குறைவு. என்ஐடி கிடைக்காவிட்டால் இரண்டாம் பட்சம் என்று அதை நினைக்காதீர்கள்.

விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல் படிப்பு பற்றிக் கேட்டீர்கள். பல கல்லூரிகளில் விஸ்காம் என்றால் கேமரா, குறும்படம், எடிட்டிங் பக்கம்தான் சாய்வு. பாப்பாவுக்கு எழுத்தும் பக்க அமைப்பும்தான் பிடிக்கிறது என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தத் துறையின் கடைசி வருட மாணவர்கள் செய்ததைக் காட்டச் சொல்லுங்கள். கட்டடத்தைக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கோச்சிங் விஷயத்தில் நானே ஒருமுறை ஏமாந்தேன். என் அக்கா மகனை ஒரு இடத்தில் சேர்த்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் ஒரே ரயில்வே ஸ்டேஷன், ஒரே கோணம், ஒரே பெஞ்ச், பெஞ்சில் ஒரே தாத்தா. மனப்பாடமாக வரையப் பழக்கியிருக்கிறார்கள். திருத்துகிறவருக்கு இது தெரியாதா?

அதைவிட வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நானூறு போஸ்டரில் வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் விவரங்கள் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும், அதைப் பென்சிலில் தீப்பெட்டி அளவுக்கு வரையட்டும். தலைப்பைக் கையால் மறைத்துவிட்டு, இது மாயாஜாலப் படம் என்று எதை வைத்துத் தெரிகிறது என்று எழுதட்டும். மனிதன் சிறிதாகவும் எதிரே இருப்பது பெரிதாகவும் இருப்பதாலா? எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத வெளிச்சத்தாலா? பனியாலா? பிறகு ஒன்றே ஒன்றை மாற்றி மறுபடி வரைய வேண்டும். நாயகனைத் திருப்பி நிற்க வைக்கலாம், வாளைக் கீழே போடலாம். என்ன மாறியது என்று நாலு வரி. முகத்தை அச்சு அசலாக நகல் எடுப்பதைவிட இந்த நோட்டுதான் நாளைக்கு நேர்முகத்தில் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்கும்போது கைகொடுக்கும். மூன்று மாதத்தில் அவளுக்கே சலித்துவிட்டால், அதுவும் நமக்குக் கிடைத்த பதில்தான். அப்போது வேறு படிப்பைப் பேசுவோம். போஸ்டரை ரசிப்பது அவளோடு எப்போதும் இருக்கட்டும்.

வருமானம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். சினிமா போஸ்டர் வேலையை மட்டும் நம்பி இறங்குவது எனக்கு உடன்பாடில்லை. செய்கிறவர்கள் கொஞ்சம் பேர், பணம் இழுத்தடிக்கும், ராத்திரி பதினொரு மணிக்கு "டைட்டிலைக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று போன் வரும். ஆனால் அதே கண்ணுக்குப் புத்தக அட்டை, பொருட்களின் பெட்டி, செல்போன் ஆப், விளையாட்டு என்று வேறு வாசல்கள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் ஒரே படத்துக்குப் பல படங்களை வைத்துக்கொண்டு ஆளுக்குத் தகுந்ததைக் காட்டுகிறது. அதில் எல்லாமே யாரோ ஒருவர் முடிவெடுத்துச் செய்தவைதான். ஏஐ வந்துவிட்டதே என்று உங்கள் மச்சினர் சொன்னாராம். அவர் சொல்வதில் பாதி உண்மை. வெட்டி ஒட்டுகிற வேலை அடிபடும், அடிபட ஆரம்பித்துவிட்டது. நூறு டிராகனை அது ஒரு நிமிடத்தில் கொடுக்கும். அதில் எது வேண்டும், எதற்கு டிராகனே வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவருக்குத்தான் சிரமம். அதனால்தான் ஆறு மாதக் கோர்ஸை நான் பரிந்துரைக்கவில்லை.

கடைசியாக ஒரு உதவி. மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது கலர் செட் ஆகும் வரை ஓட்டும் வேஸ்ட் ஷீட் இருக்குமே, ஒரே தாளில் இரண்டு மூன்று அட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகி, சாமி படத்துக்குள் பட்டாசு பாக்கெட் தெரிகிற மாதிரி. பாப்பா அன்று அதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினாள். சின்ன வயதில் அதைத்தான் நோட்டுக்கு அட்டை போடுவாளாம், எந்தப் படம் மேலே எந்தப் படம் கீழே என்று கண்டுபிடிப்பது அவளுக்கு விளையாட்டாம். உங்களுக்குத் தெரியுமா? அடுத்த முறை வரும்போது அதில் நாலைந்து ஷீட் கொண்டுவாருங்கள். பென்சில் நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். போன் வீட்டிலேயே இருக்கட்டும்.